வளையும் மரம், முறியும் மரம்

1991 செப்டம்பரில், ஆஸ்திரியாவும் இத்தாலியும் தொட்டுக்கொள்ளும் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில், 3,210 மீட்டர் உயரத்தில், பனி உருகிய பள்ளம் ஒன்றில் ஒரு மனித உடல் கிடைத்தது. இறந்து 5,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஓட்ஸி என்று உலகம் இன்று அழைக்கும் அந்த மனிதனின் செப்புக் கோடரியைப் பற்றியும், தோளில் புதைந்திருந்த கல் அம்புமுனையைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டார்கள். வில் செய்யக் கற்பவர்கள் பார்க்க வேண்டிய பொருள் வேறு. சற்றுத் தள்ளி ஒரு பாறையில் சாய்ந்தபடி இருந்த, 1.82 மீட்டர் நீளமுள்ள யூ மரக் கம்பு அது. செய்து முடிக்காத வில். கோடரி வாய் பதிந்த தடங்கள் வரிசை வரிசையாக அதன் மேல் அப்படியே இருக்கின்றன. அம்பறாத்தூணியில் 14 அம்புத் தண்டுகள் இருந்தன. அவற்றில் எய்யத் தயாராக இருந்தவை இரண்டே.

ஓட்ஸியின் உயரம் சுமார் 1.60 மீட்டர். வில் அவனைவிட ஒரு சாண் உயரம். ஏன் அத்தனை நீளம்? ஏன் இழைத்து மெருகேற்றாமல், கோடரியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்திக்கொண்டே வந்திருக்கிறான்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்தவர் முதல் வில்லைச் செய்யலாம். தெரியாதவர் எவ்வளவு நல்ல மரம் வாங்கினாலும் அது முறியும்.

வில் ஒரு ஸ்பிரிங். நடுவில் கைப்பிடி, மேலே ஒரு கிளை, கீழே ஒரு கிளை. இலக்கைப் பார்த்திருக்கும் பக்கத்துக்கு முதுகு என்றும், எய்பவரைப் பார்த்திருக்கும் பக்கத்துக்கு வயிறு என்றும் பெயர். நாணை இழுக்கும்போது முதுகு நீள்கிறது, வயிறு சுருங்குகிறது. ஒரு வாழை மட்டையை மெல்ல வளைத்துப் பாருங்கள்: வெளிப்பக்கம் விண்ணென்று இழுபடும், உள்பக்கம் மடிப்பு மடிப்பாகச் சுருங்கும். மரத்தில் நடப்பதும் அதுதான், கண்ணுக்குத் தெரியாத அளவில். இரண்டு பக்கங்களுக்கும் நடுவே, நீளாமலும் சுருங்காமலும் ஒரு தளம் இருக்கிறது. அதை ஒட்டிய மரத்துக்கு அதிக வேலை இல்லை. பாரம் முழுக்க மேல்தோலிலும் அடித்தோலிலும் உள்ள சில மில்லிமீட்டர்கள் மேல்தான் விழுகிறது.

நார் ஓடும் திசையில் நூற்றில் ஒரு பங்கு நீண்டாலோ சுருங்கினாலோ, பெரும்பாலான மரங்கள் தாங்கும் எல்லையை நெருங்கிவிடும். இதைக் கணக்கிட எளிய வழி உண்டு: கிளையின் தடிமனை, வளைவின் ஆரத்தைப்போல் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 15 மில்லிமீட்டர் தடிமனுள்ள கிளை 75 சென்டிமீட்டர் ஆரத்தில் வளைந்தால் விடை சரியாக நூற்றில் ஒன்று. அதே கிளையில் ஒரு விரற்கடை இடம் மட்டும் மற்ற இடங்களைவிடக் கூடுதலாக வளைந்து, அங்கே ஆரம் 50 சென்டிமீட்டராகக் குறுகினால், விடை நூற்றில் ஒன்றரை. வில் முறிவது அங்கேதான். ஓட்ஸியின் வில் நீளமாக இருந்ததற்கும் காரணம் இதுவே. கிளை நீண்டால் வளைவு பரவுகிறது, ஆரம் கூடுகிறது, மரத்தின் ஒவ்வொரு துணுக்கின் மேலும் விழும் பாரம் குறைகிறது. புதிதாகச் செய்பவர்கள் வில்லைக் குட்டையாக வைக்க ஆசைப்படுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த ஆசையை முதல் வில்லிலேயே விட்டுவிடுவது நல்லது.

முதுகும் வயிறும் ஒரே மாதிரி கெடுவதில்லை. மரத்தின் நார்கள் இழுப்பை நன்றாகத் தாங்கும். அழுத்தத்தைத் தாங்கும் திறன் பல மரங்களில் அதில் பாதியளவே. அழுத்தம் எல்லை மீறினால் வயிற்றுப் பக்கத்தில் செல்களின் சுவர்கள் மடிந்து நசுங்குகின்றன. வில் உடனே முறிவதில்லை. நாணைக் கழற்றிய பிறகும் நிமிராமல், எய்பவர் பக்கமாகக் கொஞ்சம் வளைந்தே நிற்கும். இன்னும் மோசமானால் வயிற்றில் குறுக்கே மயிரிழை போன்ற கோடுகள் தெரியும். முதுகு கெடுவதில் இந்த நிதானம் கிடையாது. ஒரு நார் எழும்பும், அடுத்த நொடியில் வில் இரண்டாகும்.

யூ மரத்தின் பெருமை இங்கேதான் விளங்கும். அதன் உள்ளே வைரம் பாய்ந்த பகுதி அழுத்தத்தை அசாதாரணமாகத் தாங்கும். வெளியே உள்ள வெளிறு இழுப்பைத் தாங்கும். இரண்டும் சேரும் இடத்தில் கம்பைப் பிளந்து எடுத்தால் முதுகுக்கு வெளிறும் வயிற்றுக்கு வைரமும் இயற்கையாகவே அமைந்துவிடுகின்றன. இங்கிலாந்தின் போர் வில்கள் இப்படிச் செய்தவை. எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல் மேரி ரோஸ் 1545 ஜூலை 19 அன்று போர்ட்ஸ்மவுத் அருகே மூழ்கியது. 1982இல் அதன் எஞ்சிய பகுதியைத் தூக்கினார்கள். கடலடிச் சேற்றிலிருந்து 137 முழு வில்களும் 3,500க்கும் மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. பல வில்கள் இரண்டு மீட்டரை ஒட்டிய நீளம் கொண்டவை. அவற்றை இழுக்க 100 பவுண்டிலிருந்து 185 பவுண்டு வரை விசை தேவைப்பட்டிருக்கும் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். இன்று ஒலிம்பிக் போட்டியில் ஆண்கள் இழுக்கும் வில் 50 பவுண்டை ஒட்டியது என்பதோடு இதை வைத்துப் பாருங்கள். இவ்வளவு யூ மரம் இங்கிலாந்தில் விளையவில்லை. இங்கிலாந்துக்கு வரும் வணிகக் கப்பல்கள் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு விற்கம்புகள் கொண்டுவர வேண்டும் என்று 1472இல் சட்டமே போட்டார்கள். அதன் விளைவாக ஐரோப்பாவின் மலைக்காடுகளில் யூ மரங்கள் பெருமளவு அழிந்தன.

மேரி ரோஸ் வில்லைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முதுகு ஓரளவு தட்டையாகவும் வயிறு உருண்டும் இருக்கும். அகலம் குறைவு, ஆழம் அதிகம். பார்க்க மிக அழகான வடிவம். ஆனால் அந்த வடிவத்தை யூ மரம் தாங்கும் என்பதற்காக ஓக் மரமும் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. டென்மார்க்கில் ஹோல்மெகார்ட் என்ற சதுப்பு நிலத்தில் 1944இல் கிடைத்த, சுமார் 9,000 ஆண்டுப் பழமையான வில்கள் எல்ம் மரத்தில் செய்தவை. அவற்றின் கிளைகள் அகன்று தட்டையாக இருக்கின்றன. எல்ம் மரம் அழுத்தத்தில் யூ அளவுக்குத் தாக்குப்பிடிக்காது. பாரத்தை அதிக அகலத்தில் பரப்பினால்தான் வயிறு நசுங்காது. அந்தக் கற்கால மனிதர்கள் சூத்திரம் எழுதவில்லை, சரியான விடைக்கு வந்துவிட்டார்கள்.

அதே விடைக்கு 20ஆம் நூற்றாண்டில் கணக்குப் போட்டு வந்தவர் கிளாரன்ஸ் ஹிக்மன். ராக்கெட் முன்னோடி ராபர்ட் கோடார்டிடம் பணியாற்றிவிட்டு, பிறகு பெல் ஆய்வகத்தில் சேர்ந்த இயற்பியலாளர். 1930களில் அதிவேகப் படப்பிடிப்பையும் சமன்பாடுகளையும் கொண்டு வில்லை ஆராய்ந்த அவர், உருண்ட வயிற்றைவிடச் செவ்வக வெட்டுமுகமே பாரத்தைச் சீராகப் பகிர்கிறது என்று காட்டினார். காரணம் எளிமையானது. உருண்ட வயிற்றில் நுனிமேட்டில் உள்ள சில நார்கள் மட்டும் முழு அழுத்தத்தையும் வாங்குகின்றன. தட்டையான வயிற்றில் அகலம் முழுதும் உள்ள நார்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஆகவே முதல் வில் செய்பவருக்கு என் தீர்மானமான ஆலோசனை இது: நீள வில் செய்யுங்கள், ஆனால் தட்டையான கிளைகளோடு செய்யுங்கள். ஆங்கிலேய வடிவம் மூன்றாவது, நான்காவது வில்லுக்குக் காத்திருக்கட்டும்.

அமெரிக்காவில் புதியவர்கள் மரக்கடையில் விற்கும் சிவப்பு ஓக் பலகையில்தான் பெரும்பாலும் கைப்பழக்கம் பெறுகிறார்கள். 72 அங்குல நீளம், 2 அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிமன் போதும். விலையைவிட முக்கியமானது ரேகை. பலகையின் அகன்ற முகத்தில் ஓடும் ரேகைகள் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை போக வேண்டும். நடுவழியில் ஏதாவது ரேகை பக்கவாட்டில் சரிந்து விளிம்பைத் தாண்டி வெளியேறினால், அங்கே நார் அறுந்திருக்கிறது என்று பொருள். இழுப்பு வரும்போது பலகை அந்தக் கோட்டில்தான் பிளக்கும். பக்கவாட்டு முகத்தையும் திருப்பிப் பாருங்கள். இரண்டு முகங்களிலும் ரேகை நேராக ஓடினால்தான் நார் உண்மையிலேயே நேராக இருக்கிறது. கணு இருக்கும் பலகையைத் தொடவே வேண்டாம். பிறகு முனையில் தெரியும் ஆண்டு வளையங்களைப் பாருங்கள். ஓக் மரத்தில் ஒவ்வொரு வளையத்திலும் வசந்தத்தில் வளர்ந்த துளைமிகுந்த பட்டை ஒன்றும், கோடையில் வளர்ந்த கெட்டியான பட்டை ஒன்றும் இருக்கும். மெதுவாக வளர்ந்த ஓக்கில் வளையங்கள் மெலிந்து, துளைப்பட்டையே மிகுந்திருக்கும். வில்லுக்கு அது ஆகாது. யூ மரத்தில் இது நேர்மாறு, நெருக்கமான வளையங்களுக்குத்தான் மதிப்பு. கடைக்காரர் பொறுமை இழந்தாலும் பரவாயில்லை, முப்பது பலகையைப் புரட்டி ஒன்றை எடுங்கள். வில் நிலைக்குமா என்பதில் பாதி அந்தக் கடையிலேயே முடிவாகிவிடுகிறது.

ஓக் கிடைக்காத ஊரில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நேரான ரேகையும் நல்ல எடையும் உள்ள கெட்டி மரம் எதையும் சோதித்துப் பார்க்கலாம். நமக்குக் கைக்கெட்டும் மூங்கில் இன்னொரு வழி. மூங்கிலில் நார்க்கற்றைகள் வெளித்தோலை ஒட்டித்தான் மிக நெருக்கமாக இருக்கின்றன. இழுப்பைத் தாங்க வேண்டிய முதுகுக்கு அதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை. உள்ளே துளை சிறுத்துச் சதை கனத்த கல் மூங்கிலை நெடுக்கே பிளந்து, தோல் பக்கத்தை முதுகாக வைத்து, உள்பக்கத்தை மட்டும் சீவலாம். ஜப்பானியரின் இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட யூமி வில்லில் முதுகிலும் வயிற்றிலும் மூங்கிலை ஒட்டி, நடுவில் வேறு பட்டைகளை வைக்கிறார்கள். இந்தியாவில் சந்தால் மக்களும் பில் மக்களும் மூங்கில் வில்லை நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள்.

எந்த மரமானாலும் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் 8 முதல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஈரமான மரம் முறியாது, ஆனால் வளைந்த வளைவிலேயே நின்றுவிடும். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில், காய்ந்த பலகைகூடக் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரமானி இல்லாவிட்டால் சமையலறைத் தராசே போதும். பலகையிலிருந்து வெட்டிய ஒரு துண்டை உலர்ந்த அறையில் வைத்து வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றதும் வேலையைத் தொடங்கலாம்.

கைப்பிடிக்கு நடுவில் எட்டு அங்குல மரத்துண்டு ஒன்றை வயிற்றுப் பக்கம் ஒட்டி, அதன் இரு முனைகளையும் சாய்வாகச் சீவிக் கிளையோடு கலக்கவிட வேண்டும். கிளைகளின் அகலம் கைப்பிடியருகே ஒன்றேமுக்கால் அங்குலம். பாதி தூரம் வரை அப்படியே வந்து, பிறகு நுனியில் அரை அங்குலமாகக் குறையட்டும். தடிமன் கைப்பிடியருகே 16 மில்லிமீட்டர், நுனியருகே 12 என்று தொடங்கலாம். ரம்பத்தால் அறுத்து, இழைப்புளியால் சீவி, அரத்தால் ராவி இந்த வடிவத்துக்கு வரும்வரை இது சாதாரணத் தச்சு வேலை. முதுகுப் பக்கத்தை மட்டும் தொடாதீர்கள். அங்கே அறுபடும் ஒவ்வொரு நாரும் பின்னால் முறிவு தொடங்கும் இடம். விளிம்புகளை உப்புத்தாளால் லேசாக உருட்டினால் போதும். கூடுதல் பாதுகாப்பு வேண்டுமென்றால் முதுகில் லினன் துணியைப் பசை போட்டு ஒட்டலாம்.

வில் செய்வது உண்மையில் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இரண்டு கிளைகளும் ஒன்றுபோலவும், ஒவ்வொரு கிளையும் நெடுக ஒரே சீராகவும் வளையும்வரை மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதை வில் தச்சர்கள் டில்லரிங் என்கிறார்கள். இதில் ஒரு விதியை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். கிளையின் விறைப்பு அகலத்துக்கு நேர் விகிதம். அகலம் பாதியானால் விறைப்பும் பாதி. ஆனால் தடிமனோடு அது மும்மடி உறவு கொண்டது. தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒன்று. தடிமனில் பத்தில் ஒரு பங்கை எடுத்தால் விறைப்பில் 27 சதவீதம் போய்விடுகிறது. 16 மில்லிமீட்டர் கிளையில் ஒரு தாளின் கனமான 0.1 மில்லிமீட்டரைச் சுரண்டினாலே அந்த இடம் ஏறக்குறைய 2 சதவீதம் இளகுகிறது. ஓட்ஸி மெல்ல மெல்லக் கொத்தியதன் காரணம் இப்போது புரியும்.

முதலில் வில்லின் ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, கைப்பிடியை ஒரு கையாலும் மறுநுனியை இன்னொரு கையாலும் பிடித்து அழுத்துங்கள். கிளை அசைந்து கொடுப்பது கைக்குத் தெரிய வேண்டும். அசையாவிட்டால் வயிற்றிலிருந்து சீராகச் சீவுங்கள். அசைந்ததும் நுனிகளில் நாண் மாட்டும் பள்ளங்களை வட்ட அரத்தால் வெட்டி, வில்லைவிட நீளமான கயிறு ஒன்றைத் தொய்வாகக் கட்டுங்கள். சுவரில் ஒரு தாங்கியில் கைப்பிடியை வைத்து, கீழே தரையோரம் ஒரு கப்பியைப் பொருத்தி, கயிற்றின் நடுவில் ஸ்பிரிங் தராசின் கொக்கியை மாட்டி, இழுகயிற்றைக் கப்பி வழியாக எடுத்துக்கொண்டு எட்டடி தள்ளி நின்று இழுக்க வேண்டும். தள்ளி நிற்பதற்கு இரண்டு காரணங்கள். வில் முறிந்தால் துண்டு முகத்தில் அடிக்காது. அதோடு, வளைவின் குறை பக்கத்தில் இருந்து பார்த்தால் தெரியாது, தூரத்திலிருந்துதான் தெரியும். பின்சுவரில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு வைத்தால் கண்ணுக்கு இன்னும் எளிது.

இரண்டு மூன்று அங்குலம் இழுத்து நிறுத்திப் பாருங்கள். இடது கிளையின் நடுவில் ஆறு அங்குலம் வளையாமல் நேராக நிற்கிறதா? அந்த ஆறு அங்குலத்தின் வயிற்றில் பென்சிலால் கிறுக்குங்கள். வில்லை இறக்கி, சுரண்டு தகட்டால் பென்சில் கோடு மறையும்வரை மட்டும் சுரண்டுங்கள். மறுபடி ஏற்றி, முன்பு இழுத்த அளவுக்கே இருபது முப்பது தடவை இழுத்து விடுங்கள். எடுத்த மரத்துக்கு ஏற்ப மற்ற நார்கள் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ள இந்தப் பயிற்சி தேவை. அதைச் செய்யாமல் பார்க்கும் வளைவு உண்மையான வளைவு அல்ல. வலது கிளையில் ஓரிடம் மட்டும் கீல் வைத்ததுபோல் மடிகிறதா? அந்த இடத்தைத் தொடாதீர்கள். அதன் இரு புறமும் உள்ள மரத்தை எடுத்து, மற்ற இடங்களை அதன் அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

ஒரு கட்டுப்பாட்டை எந்தச் சூழலிலும் மீற வேண்டாம். நீங்கள் விரும்பும் விசை 35 பவுண்டு என்றால், தராசு முள் 35ஐத் தொட்ட இடத்தில் இழுப்பதை நிறுத்த வேண்டும், அது 10 அங்குலத்திலேயே வந்தாலும் சரி. சுரண்டியபின் அது 12 அங்குலத்தில் வரும், பிறகு 15இல் வரும். 28 அங்குலம் இழுத்து 35 பவுண்டு காட்டும் நாளில் வில் முடிந்துவிட்டது. வளைவு கோணலாக இருக்கும்போதே ஆர்வத்தில் முழுக்க இழுத்துப் பார்ப்பவர்களின் வில் முறியாமல் போனாலும், வயிறு நசுங்கி வேகத்தை இழந்துவிடும். அந்த நசுங்கலைப் பிறகு எந்த வேலையாலும் மீட்க முடியாது.

வளைவு ஓரளவு சீரானதும் தொய்வுக் கயிற்றை எடுத்துவிட்டு, வில்லைவிடக் குட்டையான நாணை ஏற்றலாம். முதலில் நாணுக்கும் கைப்பிடிக்கும் இடையே மூன்று அங்குல இடைவெளி, கடைசியில் ஆறு. நாணுக்கு டேக்ரான் நூல் நல்லது. நைலான் நீண்டுகொண்டே போகும். கீழ்க்கிளை மேல்கிளையைவிடக் கொஞ்சம் விறைப்பாக இருக்கட்டும். அம்பு கைப்பிடிக்கு மேலே உட்காருவதால் இரண்டு கிளைகளுக்கும் பாரம் சமமாக வருவதில்லை.

நுனிகளை ஏன் மெலிய வைத்தோம் என்பதற்கும் கணக்கு உண்டு. 40 பவுண்டு வில்லை 28 அங்குலம் இழுத்தால் அதில் சேரும் ஆற்றல் ஏறத்தாழ 50 ஜூல். 26 கிராம் அம்பு விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் அது எடுத்துப்போவது 26 ஜூல், பாதிக்குச் சற்று மேல். மீதி ஆற்றல் பெரும்பாலும் கிளைகளையும் நாணையும் முன்னால் தள்ளுவதிலேயே செலவாகிறது. கிளையில் மிக வேகமாக நகரும் இடம் நுனி என்பதால், அங்கே குறைக்கும் ஒவ்வொரு கிராமும் அம்புக்கு வேகமாகத் திரும்புகிறது. அம்பு இல்லாமல் வெறும் நாணை இழுத்து விட்டால் வில் உடைவதும் இதனால்தான். அம்பு எடுத்துப்போக வேண்டிய ஆற்றலும் கிளைகளின் தலையிலேயே விழுகிறது. விளையாட்டாகக்கூட அப்படிச் செய்யாதீர்கள், பார்க்க வருபவர்களையும் செய்யவிடாதீர்கள்.

கடைசியாக உப்புத்தாள் போட்டு, லின்சீட் ஆயிலை நாலைந்து பூச்சு பூசி உலரவிடுங்கள். எய்து முடித்ததும் நாணைக் கழற்றி வையுங்கள். ஏற்றியபடி கிடக்கும் மர வில் நாளடைவில் அந்த வளைவுக்கே பழகிவிடும். ஒவ்வொரு முறை நாணேற்றும் முன்னும் முதுகை நெடுக விரலால் தடவிப் பாருங்கள். நார் ஒன்று எழும்பி நிற்பது விரலில் தட்டினால், அல்லது குறுக்கே விரிசல் தெரிந்தால், அந்த வில்லை மறுபடி இழுக்காதீர்கள். பலகைதான் போனது. கை கற்ற வேலையோடு மரக்கடைக்குப் போய் இன்னொன்று பொறுக்கி எடுங்கள்; இரண்டாவது வில் பெரும்பாலும் நிற்கும்.